கயிற்றை இழுக்கும் உரிமை

பெரிய காரியாலயங்களையும் தொழிற்சாலைகளையும் நடத்துவோரிடம் நெடுநாளாக ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி எழுதி, மேற்பார்க்க ஒரு மேஸ்திரியையும் நியமித்துவிட்டால் எல்லாம் கடிகாரம் போல் நடக்கும் என்பதே அது. இதைச் சாஸ்திரமாக்கித் தந்தவர் பிரடெரிக் டெய்லர் என்னும் அமெரிக்க எஞ்சினீயர். 1911-ம் வருஷத்தில் வெளிவந்த அவருடைய நூலின்படி, யோசிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. சொன்னபடி செய்வது தொழிலாளியின் பொறுப்பு.

கடிகாரத்துக்கு இது பொருந்தும். அதன் சக்கரங்களுக்குக் கோபமோ மனஸ்தாபமோ கிடையாது. மனிதர் கூடும் இடத்திலோ ஒருவர் செய்வதைக் கண்டு மற்றவர் மாறுகிறார். அவர் மாறியதைக் கண்டு முதல்வரும் மாறுகிறார். தனித்தனியே அனைவரையும் அறிந்திருந்தாலும் கூட்டம் என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. இத்தகைய சிக்கலான அமைப்புகளை ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஆங்கில மனோவைத்தியரான ராஸ் ஆஷ்பி. வரக்கூடிய தொல்லைகள் எத்தனை விதமோ, சமாளிக்கும் உபாயங்களும் அத்தனை விதமாக வேண்டும் என்பது 1956-ல் அவர் நூலில் விளக்கிய விதி. அறுபது பிள்ளைகளை ஒரே வகுப்பில் வைத்துக்கொண்டு காலந்தள்ளும் நமக்கு இதற்கு அத்தாட்சி தேவையில்லை. ஆயினும் பிரசித்தமான அத்தாட்சி ஒன்று உண்டு.

கலிபோர்னியாவில் பிரீமான்ட் என்னும் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் மோட்டார் ஆலை இருந்தது. என்ன நேர்ந்தாலும் உற்பத்தி வரிசை நிற்கலாகாது என்பது அங்கே சட்டம். தப்பாகப் பூட்டிய வண்டியும் நகர்ந்துகொண்டே போகும். பிறகு ரிப்பேர் நடக்கும். வேலைநேரத்தில் குடி சகஜம். ஐந்தில் ஒருவர் வேலைக்கே வருவதில்லை. 1982-ல் ஆலையைப் பூட்டிவிட்டார்கள்.

1984-ல் ஜப்பானிய டொயோடா கம்பெனியார் ஜெனரல் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து அதே ஆலையைத் திறந்தனர். ஆட்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களே, தொழிற்சங்கமும் பழையதே. வேலையாட்கள் சிறு சிறு குழுக்களாயினர். டெய்லர் மேற்பார்வையாளரிடம் கொடுத்திருந்த கடிகாரம் தொழிலாளியின் கைக்கு வந்தது. தம் வேலைக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு முறை வகுத்தவர்கள் அவர்களே. விதிகள் குறைந்துவிட்டன என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். டெய்லரே மெச்சும்படி கண்டிப்பான விதிகள் இருந்தன. எழுதிய கைதான் வேறு. தலைக்கு மேலே ஒரு கயிறும் தொங்கியது. பிசகைக் கண்ட எவரும் அதை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் உதவிக்கு ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிடில் வரிசை முழுவதுமே நிற்கும். வரிசை நின்றால் கம்பெனிக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஸ்குரு முடுக்குபவரிடம்!

இரண்டே வருஷங்களில் அவ்வாலையின் உற்பத்தித் திறன் ஜெனரல் மோட்டார்ஸின் மற்றெல்லா ஆலைகளையும் மிஞ்சியது. வேலைக்கு வராதோர் நூற்றுக்கு இரண்டு மூன்று பேராகக் குறைந்தனர்.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி இதே முறையை லாஸ் ஏஞ்சலீஸைச் சேர்ந்த வான் நைஸ் ஆலையிலும் புகுத்திப் பார்த்தது. கயிறு கட்டுவதில் என்ன கஷ்டம்? ஆனால் இழுத்தவரைப் பார்த்து மேலதிகாரி முகம் சுளித்தால், மறுமுறை யார் இழுப்பார்? அந்த ஆலை 1992-ல் மூடப்பட்டது. பிரீமான்ட் ஆலையில் அந்தக் கூட்டுத் தொழில் 2010 வரையில் நடந்தது.