கைப்பேசிக்கும் ஒரு வாசல் உண்டு



மதுரை செல்லூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் வஃபாத்தாகி இத்தாவில் இருப்பவர். துபாயிலிருந்து உறவுக்கார இளைஞர் ஒருவர் வீடியோவில் அழைக்க, மாமியார் கைப்பேசியைச் சட்டென இவர் முகத்துக்கு நேரே திருப்பிவிட்டார். மறுமுனையில் அறைத் தோழர்கள் வேறு. முக்காட்டைச் சரிசெய்யவும் அவகாசமில்லை. "இனிமேல் சொல்லிவிட்டுத் திருப்புங்கள், மாமி" என்றதற்கு, துக்கம் விசாரித்தவரை அவமதித்ததாகப் பேச்சாகிவிட்டதாம். "நான் செய்தது தவறா?" என்று கேட்கிறார்.

தவறே இல்லை, சகோதரி.

செல்லூரின் நெசவாளர் சந்துகளில் படியிறங்கினால் வீதி. நடுவே ஒரு துணித்திரைதான். அன்றைய மதீனாவில் பல வாசல்களுக்கு அதுவும் கிடையாது. ஆகவே நபி (ஸல்) அவர்கள் வாசலுக்கு நேரே நில்லாமல், ஒருபுறம் ஒதுங்கி நின்றே ஸலாம் உரைப்பார்கள். அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் பொருட்டு என்றும் தெளிவுபடுத்தினார்கள். கைப்பேசியின் கண்ணும் பார்வைதானே!

அந்நூர் அத்தியாயத்தின் 27, 28ஆம் வசனங்கள் அனுமதியின்றி நுழைவதைத் தடுப்பதோடு, திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடுவதே தூய்மையானது என்கின்றன. அபூமூஸா (ரலி) அவர்கள், கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வாசலில் மும்முறை அனுமதி கேட்டு, பதில் வராததால் திரும்பிவிட்டார்கள். காரணம் கேட்ட கலீஃபா, இது நபிவழி என்பதற்குச் சாட்சி கோரினார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) வந்து சாட்சி சொன்னதும், கடைத்தெரு வியாபாரத்தில் இதை அறியாதிருந்துவிட்டேனே என்று வருந்தினார்கள். நாமோ எடுக்காத அழைப்பை ஏழெட்டு முறை தொடர்கிறோம். எடுத்தால், "யாரென்று தெரிகிறதா?" என்று புதிர் வேறு! "யார்?" என்றதற்கு ஜாபிர் (ரலி) வெறுமனே "நான்" என்றதையே நபியவர்கள் விரும்பவில்லை.

அமெரிக்காவில் எமிலி போஸ்ட் நன்னடத்தை நூல் எழுதிப் புகழ்பெற்றது 1922இல். 870இல் மறைந்த இமாம் புகாரி அவர்களோ, அதபுக்கென்றே 'அல் அதபுல் முஃப்ரத்' என்னும் தனிநூலைத் தொகுத்துச் சென்றார்கள். நம் அலமாரிகளில் அது இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

சகோதரி, இந்தப் பக்கத்தை மாமியின் முன் விரித்து வைத்துவிடாதீர்கள். அவர் மகனைப் பறிகொடுத்த தாய். தமக்குக் கிடைத்த ஆறுதலை உங்களுக்கும் தர எண்ணியே திருப்பியிருப்பார். சொல்ல வேண்டியது அந்த இளைஞரிடம். குடும்பத்துப் பெரியவர் ஒருவர் மூலம் சொல்லி அனுப்புங்கள்: முன்கூட்டித் தெரிவித்துவிட்டு, தனியே அமர்ந்து, குரலில் மட்டும் அழைக்கட்டும்.