‘இதோ வருது’ என்று சொல்லாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனால் நமக்கு வருகிற கோபங்கள் பலவகை. தோசை ஆறிப்போய் வரும். சாம்பாருக்கு மூன்று தடவை கை காட்ட வேண்டியிருக்கும். தண்ணீர் டம்ளரில் விரலை விட்டுத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இதற்கெல்லாம் நான் முகம் சுளிப்பேனே தவிர சண்டைக்குப் போக மாட்டேன். நூறு பேர் ஒரே நேரத்தில் பசியோடு வந்து உட்காரும் இடத்தில் கொஞ்சம் முன்னே பின்னே ஆகத்தான் செய்யும். தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

என்னால் பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். நாற்பது நிமிடம் ஆகும் என்று தெரிந்துகொண்டே “இதோ வருது” என்று சொல்வது. அது சேவைக் குறைபாடு மட்டும் அல்ல, பொய். ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன் என்றால், போன மாதம் அந்தப் பொய் எங்கள் அக்காவை ஆபத்தின் விளிம்புவரை கொண்டுபோய்விட்டது.

அக்கா பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்குத் துணி எடுக்கத் திருச்சிக்குப் போயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது பேர். கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு மதியம் ஒன்றரைக்கு ஒரு குளிர்சாதன உணவகத்தில் நுழைந்தோம். (கடைப் பெயரைக் கேட்காதீர்கள். ஒரு கடையைப் பழிவாங்க இதை எழுதவில்லை.) அக்காவுக்கு 71 வயது. பன்னிரண்டு வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஆர்டர் எடுக்க வந்த பையனிடம் நானே சொன்னேன்: “தம்பி, இவங்களுக்குச் சர்க்கரை இருக்கு. ஊசி போட்டா உடனே சாப்பிடணும். எவ்வளவு நேரமாகும்னு சரியாச் சொல்லுப்பா.”

“பத்து நிமிஷம்மா.”

அக்கா ஊசி போட்டுக்கொண்டார். பத்து நிமிடம் ஆயிற்று. “இதோ வருதும்மா.” இருபது நிமிடம். “ரெடியாயிட்டிருக்கும்மா.” அரை மணிக்குப் பிறகு அந்தப் பையன் எங்கள் மேசைப் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டான். ஆனால் கல்லா அருகே பார்சல் பைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வண்டிக்காரத் தம்பிகள் வருவதும் வாங்குவதும் ஓடுவதுமாக இருந்தார்கள்.

முப்பத்தைந்தாவது நிமிடம் பேசிக்கொண்டிருந்த அக்கா பேச்சை நிறுத்தினார். ஏசி அறையில் நெற்றியெல்லாம் வியர்வை. கை நடுங்குகிறது. என்னக்கா என்றால் பதில் குழறுகிறது. அக்கா மகள் எழுந்து ஓடி, காபி போடும் இடத்திலிருந்து சர்க்கரை டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மூன்று ஸ்பூன் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தோம். கால் மணி நேரத்தில் அக்காவுக்குத் தெளிவு வந்தது. சாப்பாடு வந்தபோது ஆர்டர் கொடுத்து ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

நான் எழுந்து மேலாளரிடம் போனேன். சத்தம் போடவில்லை. “ஐம்பது நிமிடம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா?” என்று மட்டும் கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “தெரியும்மா. சண்டே கூட்டம். உள்ளதைச் சொன்னா எழுந்து போயிடுவாங்கல்ல?”

இந்தப் பதிலுக்காகத்தான் இந்தப் பதிவே. அந்தப் பையன் தெரியாமல் சொன்னது அல்ல அது. அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது அந்தக் கடையின் ஏற்பாடு. எழுந்து போவதா, காத்திருப்பதா என்று முடிவு செய்வது நம் உரிமை. அந்த உரிமையை நமக்கே தெரியாமல் எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தையோடு வந்தவர், பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர், மருந்து சாப்பிட வேண்டியவர் எல்லாரையும் அந்த ஒரு சொல்லால் கட்டிப்போட்டுவிடுகிறார்கள்.

நான் கவனித்த இன்னொன்றையும் சொல்கிறேன். இப்போது பல கடைகளில் சமையலறை ஒன்று, வரிசை இரண்டு. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு வரிசை. போன் செயலி வழியாக வீட்டிலிருந்து ஆர்டர் போடுபவர்கள் இன்னொரு வரிசை. செயலியில் ஆர்டர் போட்டவருக்குக் கடிகாரம் ஓடுகிறது. எத்தனை நிமிடத்தில் வரும் என்று திரையில் தெரிகிறது. தாமதமானால் நட்சத்திரத்தைக் குறைத்துவிடுவார். உள்ளே இருப்பவருக்குக் கடிகாரம் கிடையாது. இலையும் தண்ணீரும் வைத்துவிட்டால் எழுந்து போகக் கூச்சப்படுவார் என்பது கடைக்காரருக்குத் தெரியும். ஆகவே நேரில் வந்த விருந்தாளி இரண்டாம் வரிசைக்குப் போய்விடுகிறார்.

இந்தச் சம்பவத்தைக் கேட்டதும் என் சித்தப்பா மகன், “அந்தப் பையனை நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டிருக்கணும் அக்கா” என்றான். உங்களில் பலரும் அப்படி நினைக்கலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அந்தப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஒடிசாவோ ஜார்க்கண்டோ, பேச்சிலேயே வெளியூர் என்று தெரிந்தது. அவனுக்குக் கற்றுக்கொடுத்த முதல் நாலைந்து தமிழ்ச் சொற்களில் ‘பத்து நிமிஷம்’, ‘இதோ வருது’ இரண்டும் இருந்திருக்கும். சமையலறையில் எத்தனை ஆர்டர் நிற்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் நம்மிடம் சொல்ல அவனுக்கு அனுமதி இல்லை. காலையிலிருந்து இரவுவரை நின்றுகொண்டே வேலை செய்கிறான். நின்றுகொண்டே வேலை செய்கிற கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று கேரளத்தில் 2018இல் சட்டம் திருத்தினார்கள். ஜவுளிக் கடைகளில் வேலை செய்த பெண்கள் போராடிப் பெற்றது அது. தமிழ்நாட்டிலும் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அப்படி ஒரு திருத்தம் வந்தது. உட்கார ஒரு நாற்காலிக்கே சட்டம் தேவைப்பட்ட நாட்டில், முதலாளி சொல்லிக்கொடுத்த பொய்யை மறுத்துப் பேசும் தைரியத்தைப் பரிமாறுகிற பையனிடம் எதிர்பார்க்கலாமா? அவனைத் திட்டினால் நம் கோபம் ஆறும். கடை மாறாது.

பரிமாறுபவருக்குக் கடையில் ஒரு பங்கு இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. காபி போர்டு நடத்திவந்த காபி ஹவுஸ்களை மூடியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் 1957, 58 வாக்கில் ஏ.கே. கோபாலன் போன்றோரின் துணையோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். அதுதான் இந்தியன் காபி ஹவுஸ். விசிறித் தலைப்பாகையோடு நம் முன்னால் காபியை வைப்பவர் அந்தச் சங்கத்தின் உறுப்பினர். அவருக்குச் சொல்ல ஒரு வாய் இருக்கிறது.

இனி, ஹோட்டல் நடத்தும் என் மாணவர்களுக்கு. நீங்கள் மூன்று பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். “டீச்சர், வாடகை என்ன தெரியுமா? சிலிண்டர் விலை என்ன தெரியுமா? ஆளே கிடைக்கவில்லை. இதில் நேரத்தையும் சொன்னால் டேபிள் காலியாகிவிடும்” என்பீர்கள். உங்கள் கஷ்டம் உண்மை. அதற்கு மருந்து பொய் அல்ல. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு அம்மா டிபன் கடை வைத்திருக்கிறார். “பரோட்டா இன்னும் போடல, அரை மணி ஆகும். இட்லி ரெடியா இருக்கு, சாப்பிடுறீங்களா?” என்று முகத்துக்கு நேரே கேட்பார். பாதிப் பேர் இட்லி சாப்பிடுவார்கள். கொஞ்சம் பேர் போய்விட்டு அரை மணி கழித்து வருவார்கள். அந்தக் கடையில் ஏசி இல்லை, மேலாளர் இல்லை. ஆனால் கூட்டம் குறைந்து நான் பார்த்ததில்லை.

நம் கல்யாண வீடுகளில் பந்தி விசாரிப்பது என்று ஒன்று உண்டு. வீட்டுப் பெரியவர் ஒருவர் வரிசை வரிசையாக நடந்து, யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போவார். பாயசம் தீர்ந்திருந்தால், “அடுத்த அண்டா இறங்குது, கொஞ்சம் பொறுங்க” என்பார். காத்திருப்பவருக்குக் கோபமே வராது. ஒரு உணவகத்துக்கும் அப்படி ஒரு ஆள் போதும். திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாவது அதிகாரம், அதை அடுத்த பத்தாவது இனியவை கூறல். சோற்றுக்குப் பக்கத்திலேயே சொல்லும் இருக்கிறது என்று வகுப்பில் சொல்வேனே, நினைவிருக்கிறதா? இனிமை என்றால் பொய்யான இனிமை அல்ல.

இனி எல்லாருக்கும் பயன்படும் சில தகவல்கள்.

1. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, ‘சேவைக் குறைபாடு’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், நுகர்வோருக்குத் தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அடங்கும். “சொன்னா எழுந்து போயிடுவாங்க” என்பதை இதோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

2. பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அதை உறுதி செய்தது. சர்வீஸ் சார்ஜும் ஜிஎஸ்டியும் ஒன்றல்ல. ஜிஎஸ்டி அரசுக்குப் போகும் வரி. பெரும்பாலான உணவகங்களில் அது 5 சதவீதம். சர்வீஸ் சார்ஜ் கொடுப்பதும் கொடுக்காததும் நம் விருப்பம். எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம். பரிமாறியவருக்குக் கொடுக்க நினைத்தால் அவர் கையிலேயே கொடுங்கள்.

3. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைகள் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது.

4. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும். புகார் செய்யும்போது கடையை அடையாளம் காட்ட அது உதவும். அதனால் பில்லைக் கசக்கி எறியாதீர்கள்.

5. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும்.

நான் இன்னும் அங்கெல்லாம் போகவில்லை. முதலில் அந்த உணவகத்தின் உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். நஷ்ட ஈடு கேட்கவில்லை. பையனை வேலையை விட்டு நிறுத்தவும் சொல்லவில்லை; நிறுத்தக் கூடாது என்றே எழுதியிருக்கிறேன். கேட்டது இரண்டு விஷயம். வாசலில் ஒரு பலகை வையுங்கள்: இப்போது எவ்வளவு நேரம் ஆகும், உடனே கிடைப்பது என்ன. முதியவர், குழந்தை, சர்க்கரை நோயாளி என்று சொன்னால், முதலில் ஒரு இட்லியாவது மேசைக்கு வரட்டும். ஒரு மாதம் பார்ப்பேன். பதில் வராவிட்டால் 1915.

கடைசியாக, சர்க்கரை உள்ள உறவுகளுக்கு. வெளியே சாப்பிடும் நாளில் ஊசியை எப்போது போடலாம் என்று உங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டு வையுங்கள். பையில் குளுக்கோஸ் இல்லாமல் வெளியே கிளம்பாதீர்கள். வியர்வை, நடுக்கம், பேச்சில் குழறல் வந்தால் ஹோட்டல்காரர் கொண்டுவருவார் என்று காத்திருக்க வேண்டாம். 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. மயக்கம் வந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

அக்கா இப்போது நலம். நிச்சயதார்த்தம் தை மாதம். பந்தி விசாரிக்க நானே நிற்கப்போகிறேன். திருச்சிப் பக்கம் இருப்பவர்கள் அவசியம் வாருங்கள்.

உங்கள் ஊரில் உள்ளதை உள்ளபடி சொல்லும் கடை எதுவும் இருந்தால் கருத்தில் எழுதுங்கள். கெட்ட கடைகளின் பெயர் வேண்டாம், நல்ல கடைகளின் பெயர் போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்