இரண்டணா கணக்கு

எர்ணாகுளம் பிராட்வேயில் பணம் பெரும்பாலும் சில்லறையாகத்தான் கரைகிறது. மட்டாஞ்சேரியிலிருந்து படகில் வந்து இங்கே துணிக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். காலையில் ஒரு டீ, மாலையில் டீயும் பழம்பொரியும். நாளுக்கு 30 ரூபாய் என்றாலும் ஆண்டுக்கு 10,950. ஆண்டுதோறும் அதை 6 சதவீதக் கூட்டு வட்டியில் போட்டுவந்தால் பத்தாண்டுகளில் சுமார் 1.44 லட்சம்.

கணக்கு சரி. அதனால் டீயை விடு என்பதுதான் அபத்தம். நாள் முழுக்க நிற்பவருக்கு அது ஆடம்பரமல்ல. சிக்கல் வேறு: செலவு தினமும் தேடி வருகிறது, சேமிப்போ மாதக் கடைசிக்குக் காத்திருக்கிறது. அப்போது கையில் எதுவும் மிஞ்சுவதில்லை.

உடுப்பியில் டி.எம்.ஏ. பை இதை அன்றே புரிந்துகொண்டார். நலிந்த நெசவாளர்களுக்கு உதவ 1925இல் அவரும் மற்றவர்களும் தொடங்கிய வங்கி, 1928இல் ‘பிக்மி டெபாசிட்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. முகவர் வீடு தேடிப் போய் தினம் இரண்டணா வாங்கினார். ஓராண்டில் அது 45 ரூபாய் 10 அணா. பின்னாளில் சிண்டிகேட் வங்கியான அது 2020இல் கனரா வங்கியுடன் இணைந்தது. 1998இல் தொடங்கிய கேரளத்தின் குடும்பஸ்ரீயில் பெண்கள் வாரந்தோறும் கூடிச் சேமிப்பதும் இதே சூட்சுமம்தான்: தவணை சிறிது, கேட்க ஆள் உண்டு.

டீ இருக்கட்டும். கூடவே தினம் பத்து ரூபாய் வசூல்காரரிடம் போனால் ஆண்டில் 3,650. ஓணத்துக்கு முன்பணம் கேட்டு முதலாளி முன் நிற்க வேண்டியிராது.