வரிசையை அடைக்க வழி உண்டா?

பேரிகைப் பக்கம் டிராக்டர் விதைப்புக் கருவி கேட்டு வரும் விவசாயியிடம் விலையையும் மானியத்தையும்தான் நாம் முதலில் பேசுகிறோம். விதைத்தட்டு எதனால் சுழல்கிறது, ஒரு வரிசையை மட்டும் நிறுத்த முடியுமா என்று அவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

சில வருஷங்களுக்கு முன் நாங்களே ஒன்பது வரிசைக் கருவி ஒன்றை அப்படித்தான் விற்றோம். வாங்கியவரின் கொல்லை ஒரு மூலையில் கூம்பிப் போகும். ஒன்பது வரிசையும் ஒன்றாகவே ஓடியதால், விதைத்த இடத்திலேயே மறுபடியும் கடலை விழுந்தது. ஏக்கருக்கு ஏறத்தாழ 50 கிலோ விதைப்பருப்பு. அதன் விலை மண்டிக்காரர்களுக்குத் தெரியும். அவர் சண்டைக்கு வரவில்லை. அடுத்த சாமானை மாலூரில் வாங்கிக்கொண்டார்.

இப்போது மோட்டாரில் சுழலும் கருவிகள் வந்துள்ளன. ஈர மண்ணில் தரைச்சக்கரம் வழுக்கினால் விதை விழாது. மோட்டாருக்கு அந்தக் குறை இல்லை, வரிசைகளைத் தனித்தனியே நிறுத்தவும் எளிது. ஆனால் வயரில் கோளாறு என்றால், மழை ஈரம் காயும் முன் சரிசெய்ய ஆள் யார்? செயினும் பல்சக்கரமும் ஓசூரிலேயே அகப்படும். ஆகவே முள் வைத்த தரைச்சக்கரமும் வரிசைக்கு ஓர் அடைப்புத் தகடும் உள்ளதையே இருப்பு வைக்கிறோம்.

அங்கத்தினர்கள் சரக்கு எடுக்குமுன் ஒரு வரிசையை அடைத்து, சக்கரத்தைக் கையால் பத்துச் சுற்று சுற்றிப் பாருங்கள். அந்தக் குழாயில் ஒரு விதைகூட விழக்கூடாது.