தனக்கு வந்தால் தெரியுமா?

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பது நம் பாட்டிமார் வாக்கு. பாட்டிமார் வாக்கை மறுத்துப் பேசுவது நமக்கு வழக்கமில்லை. ஆயினும் இந்த வாரம் அந்தப் பழமொழியோடு சிறிது வழக்காட வேண்டியிருக்கிறது. காரணம், சென்ற ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் நடந்த ஒரு சிறு சம்பவம்.

தாம்பூலத் தட்டு மாற்றியாகிவிட்டது. பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் ஜமக்காளத்தின்மீது நாங்கள் ஐந்தாறு பேர் அமர்ந்து மழையைப் பற்றியும் தங்கத்தின் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். அப்பொழுது நம் சிற்றப்பாவின் மகன் உள்ளே வந்தான். மூக்கையும் வாயையும் முகக்கவசம் மூடியிருந்தது. ஓய்வு பெற்ற பாங்கு உத்தியோகஸ்தர் ஒருவர், நல்ல மனிதர், வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன தம்பி, இன்னுமா அதை விடவில்லை? எங்கள் வீட்டில் ஏழு பேருக்கும் அந்தக் கொரோனா வந்தது. மிளகு ரசமும் கஷாயமும் குடித்தோம். நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்தோம். டெலிவிஷன்காரர்கள் செய்த அமர்க்களத்துக்கு ஊரையே பூட்டி வைத்தார்களே!"

கூடத்தில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "உங்களுக்கு அப்படி இருந்திருக்கலாம், மாமா" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தான். விவரம் தெரிந்த நாமோ வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் வீடு திரும்பும் வரையில் நம்மை உறுத்திக்கொண்டே வந்தது.

நேயர்கள் சற்று யோசிக்க வேண்டும். பெரியவர் பொய் சொல்லவில்லை. தம்பியின் பயமும் பாசாங்கு அல்ல. இருவரும் படித்தவர்கள். இருவருக்கும் நோய் "தனக்கு வந்து" தெரிந்ததுதான். ஒருவருக்கு அது ஜலதோஷம். மற்றவருக்கு அது யமன். ஒரே ஊரில் வந்த ஒரே நோயைப் பற்றி இப்படி இரண்டு நிச்சயமான அபிப்பிராயங்கள் எப்படி உண்டாயின?

பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பது நமது ஜீவனம். ஆகையால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, நோய் கண்ட நூறு பேரில் ஒருவர் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மனிதருக்குப் பழக்கமானவர்களில் ஐம்பது பேருக்கு நோய் வந்தது; ஒவ்வொருவர் விதியும் தனித்தனி என்றும் வைத்துக்கொள்வோம். அந்த ஐம்பது பேரும் பிழைத்துவிடும் வாய்ப்பு எவ்வளவு? ஏறக்குறைய நூற்றுக்கு 60. அதாவது, இத்தகைய மனிதர்கள் பத்துப் பேரைக் கூட்டி வைத்து விசாரித்தால் ஆறு பேர், "எனக்குத் தெரிந்து ஒருவர்கூடச் சாகவில்லை" என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். அந்தச் சத்தியத்தில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இராது. ஆனால் அதே ஊரில் 1 லட்சம் பேருக்கு நோய் கண்டிருந்தால், 1,000 வீடுகளில் விளக்கு அணைந்திருக்கும்.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்கிறோம். பானையில் ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு. ஆகையால் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும். கொள்ளை நோய் அப்படிச் சீராக வேகிற பானை அல்ல. கொரோனா குழந்தைகளைப் பெரும்பாலும் தொட்டுவிட்டுப் போயிற்று; எழுபது வயதுக்காரர்களையும் சர்க்கரை வியாதிக்காரர்களையும் பிடித்து உலுக்கியது. ஆஸ்பத்திரியில் கட்டிலும் பிராணவாயுவும் கிடைத்த மாதத்தில் பிழைத்திருக்கக்கூடியவர், அவை கிடைக்காத மாதத்தில் பிழைக்கவில்லை. எந்தப் பருக்கையை எடுத்துப் பார்த்தோம் என்பதைப் பொறுத்தே பதமும் மாறியது.

இது நம் காலத்துப் புதுமை அல்ல. 1918-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக இன்புளுயன்ஸா ஜுரம் நம் தேசத்துக்குள் நுழைந்தது. அந்த முதல் அலை பலரைப் படுக்க வைத்தது. ஆனால் ஒப்பு நோக்கில் சிலரையே கொன்றது. ஜூன் மாதத்தில் ஜுரம் கண்டு எழுந்தவர் ஒருவர் அதைச் சாதாரண ஜுரம் என்று சொல்லியிருந்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? செப்டம்பரில் அதே ஜுரம் வேறு முகத்தோடு திரும்பி வந்தது. மகாத்மா காந்தியின் மூத்த மகன் ஹரிலாலின் மனைவி அந்த ஜுரத்தில் மாண்டார். ஹிந்திக் கவிஞர் நிராலா இளம் பிராயத்திலேயே மனைவியையும் உறவினர் பலரையும் பறிகொடுத்தார். கங்கையில் பிணங்கள் நிறைந்திருந்த காட்சியைப் பின்னாளில் எழுதி வைத்தார். தேசம் முழுவதிலும் இறந்தவர்கள் 1 கோடியே 20 லட்சத்துக்குக் குறையார் என்றும், 2 கோடியை எட்டியிருக்கலாம் என்றும் ஆராய்ச்சியாளர் கணக்கிடுகிறார்கள். ஜனத்தொகைக் கணக்கில், முந்திய கணக்கைவிட ஜனங்கள் குறைந்து காணப்பட்ட பத்தாண்டு 1911 முதல் 1921 வரையிலானது ஒன்றுதான். பம்பாய் மாகாணத்தில் மரணம் மிக அதிகம். நம் சென்னை மாகாணத்தில் அவ்வளவு இல்லை. ஆகவே அப்பொழுதும் பம்பாய்க்காரரின் அனுபவம் ஒன்று, சென்னைக்காரரின் அனுபவம் வேறொன்று.

நிற்க. சரித்திரத்தைச் சொல்லி நம் சொந்தக் கதையை மறைத்துவிடலாம் என்று பார்த்தோம். மனம் இடம் தரவில்லை.

2020-ஆம் ஆண்டு அக்டோபரில் நமக்கே அந்த நோய் வந்தது. இரண்டு நாள் ஜுரம். ஒரு வாரம் காப்பியின் வாசனை தெரியவில்லை. அவ்வளவுதான். எழுந்து நடமாடத் தொடங்கியதும் நாம் செய்த முதல் காரியம், தெருத் திண்ணையில் உட்கார்ந்து நமது அனுபவத்தைப் பிரசங்கம் செய்ததே. போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள், நாமும் சொன்னோம். நோயில் விழுந்து எழுந்த மனிதனுடைய பேச்சுக்குப் பத்து டாக்டர்களின் பேச்சுக்கு இல்லாத மதிப்பு இருந்தது. உள்ளதைச் சொல்லப்போனால், அந்த மதிப்பு நமக்கு இனித்தது.

சிற்றப்பாவுக்கு அப்பொழுது அறுபத்தெட்டு வயது. பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. 2021 மார்ச் மாதத்தில் அறுபது வயது தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். ஒரு நாள் மாலை நம் வீட்டுக்கு வந்தார்.

"ஏண்டா, நீ படித்தவன். உனக்கு வந்தும் போயிருக்கிறது. அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளத்தான் வேண்டுமா?"

"போட்டுக்கொள்ளுங்கள், சித்தப்பா. ஆனால் அவசரம் ஒன்றுமில்லை. வந்தாலும் ஜலதோஷம் மாதிரிதான். கூட்டம் குறையட்டும்."

போடாதே என்று நாம் சொல்லவில்லை. அவசரமில்லை என்றுதான் சொன்னோம். இந்த வித்தியாசத்தைப் பல இரவுகள் புரட்டிப் பார்த்திருக்கிறோம். அதில் ஆறுதல் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 15-ஆம் தேதி நடிகர் விவேக் சென்னையில், பிறருக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி காலமானார். அந்த மாரடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று நிபுணர் குழு ஆராய்ந்து பின்னர் அறிவித்தது. ஆனால் அந்த ஏப்ரலில் யார் பொறுத்திருந்து கேட்டார்கள்? விவேக் முன்பின் அறியாத நடிகரா? வீட்டுக்கு வீடு சிரிக்க வைத்தவர். நம் வீட்டு மனிதரைப் போன்றவர். அவருடைய மரணம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்த அனுபவமாகிவிட்டது. லட்சக்கணக்கானவர்கள் ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் வயலுக்கும் ஆபீசுக்கும் போனது ஒருவருக்கும் சம்பவமாகத் தோன்றவில்லை. சிற்றப்பா, "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்றார். நாமும் தலையசைத்தோம்.

மே மாதம் பிறந்தது. தேசத்தில் ஒரே நாளில் 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் கண்ட வாரம் அது. சிற்றப்பாவுக்கு ஜுரம் வந்தது; மூன்றாம் நாள் மூச்சுத் திணறியது. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுக்குள்ளேயே ஐந்து மணி நேரம் காத்திருந்தார். தம்பி ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கட்டில் கேட்டுக்கொண்டிருந்தான். கட்டில் கிடைத்தது, ஆனால் ஆறாம் நாள் அவர் இல்லை. முகத்தைப் பத்தடி தூரத்திலிருந்து காட்டினார்கள். கொள்ளி வைக்க மகன் ஒருவனை மட்டுமே அனுமதித்தார்கள்.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் வாழ்விலும் இப்படி ஒரு துயரம் உண்டு. அம்மைக்குப் பால் குத்திக்கொள்ள வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவர் அவர். ஆயினும் பிள்ளையின் உடம்பு சரியில்லை என்று தள்ளிப் போட்டார். 1736-இல் அந்த நான்கு வயதுப் பிள்ளை பெரியம்மையில் இறந்தது. பால் குத்தியதால்தான் இறந்தது என்று ஊரில் வதந்தி கிளம்பவே, அதை மறுத்துத் தம் பத்திரிகையில் அவரே எழுத நேர்ந்தது. தள்ளிப் போட்டதற்காக ஆயுள் முழுவதும் வருந்தினார். பிற பெற்றோர்களுக்கு உதவட்டும் என்று சுயசரிதையிலும் அதை எழுதி வைத்தார்.

தம்பியின் கதை அதோடு முடியவில்லை. இன்றைக்கும் அவன் குழந்தை இரண்டு முறை தும்மினால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே 5-ஆம் தேதி அவசர நிலை முடிந்தது என்று அறிவித்ததை அவனும் அறிவான். அறிவு ஒரு பக்கம். அந்த ஆம்புலன்ஸ் வாசல் ஒரு பக்கம். நமது லேசான ஜுரம் நம்மை ஒரு பக்கம் சாய்த்தது. அவனுடைய துக்கம் அவனை மறுபக்கம் சாய்த்திருக்கிறது. சாய்ந்த தராசில் நிறுத்த எடை என்ற அளவில் இருவர் கணக்கும் பிசகுதான். ஆனால் நம் பிசகுக்கு விலை கொடுத்தவர் வேறொருவர் என்பதை மறப்பதற்கில்லை.

அப்படியானால் அனுபவத்தை நம்பவே கூடாதா? அப்படி நாம் சொல்ல வரவில்லை. அனுபவமில்லாத எண்ணிக்கை வெறும் எண்ணிக்கை, நெஞ்சில் தைப்பதில்லை. 2021 முடிய இந்தியாவில் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் பேர் இறந்ததாக அரசாங்கக் கணக்கு சொல்லிற்று. 47 லட்சம் இருக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது. அந்த மதிப்பை அரசாங்கம் ஏற்கவில்லை. இவ்விரண்டில் எதைப் படித்தாலும் நம் கை நடுங்கவில்லை. சிற்றப்பாவின் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தால் நடுங்குகிறது. ஆகையால் அனுபவம் வேண்டும். ஆனால் அதைத் திண்ணையில் பரிமாறுவதற்கு முன்னால் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. நமக்கு என்ன வயது, கேட்கிறவருக்கு என்ன வயது? நமக்கு வந்தது எந்த மாதம், இப்பொழுது எந்த மாதம்? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கூடத்தில் உட்கார்ந்து பேச வராதவர்கள் யார்? பிழைத்தவர்களே நிச்சயதார்த்தத்துக்கு வருகிறார்கள். பிழைத்தவர்களே கதை சொல்லுகிறார்கள். மற்றவர்களுடைய அனுபவம் அவர்களோடு போய்விட்டது.

2021 செப்டம்பரில் பள்ளிக்கூடம் மீண்டும் திறந்தபோது, தமிழாசிரியர் விடுப்பில் இருந்த ஒரு நாள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை "ஊரடங்கு நாட்கள்" என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னோம். முப்பத்தெட்டுப் பேர் எழுதினார்கள். பல்லாங்குழி, கைப்பேசி, மாடியில் பட்டம், அப்பா வீட்டிலேயே இருந்த ஆனந்தம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் தலைப்பை எழுதிக் கோடு போட்டு, அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் கொடுத்திருந்தாள். விசாரித்தோம், அவள் தகப்பனார் ஜூன் மாதத்தில் போய்விட்டார். முப்பத்தேழு கட்டுரைகளை மட்டும் படித்தவர், அது குதூகலமான காலம் என்றே முடிவு கட்டியிருப்பார்.

நிச்சயதார்த்தத்துக்குத் திரும்புவோம். பந்தியில் அந்தப் பெரியவர் நமக்கு அடுத்த இலையில் உட்கார்ந்தார். "உங்களுக்கும் வந்ததல்லவா, வாத்தியாரே? எப்படி இருந்தது?" என்றார்.

கூடத்தில் சொல்லத் தவறியதை அப்பொழுது சொன்னோம். "எனக்கு லேசாகத்தான் இருந்தது. எங்கள் சித்தப்பா அதில்தான் போனார். அந்தப் பையன் அவர் மகன்."

பெரியவர் சிறிது நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய், ஜன்னல் ஓரத்தில் இருந்த தம்பியிடம், "அடுத்த பந்தியில் கூட்டம் இராது, நீ அப்பொழுது உட்கார், தம்பி. நான் சொல்லி வைக்கிறேன்" என்றார்.