வினாடி வினா பாருங்கள்... பிள்ளையை விசாரிக்காதீர்கள்!

போன மாதம் ஒரு சாயங்காலம். அப்பா, அம்மா, பன்னிரண்டு வயதுப் பையன் என்று மூன்று பேர் என் வைத்தியசாலைக்கு வந்தார்கள். பையனுக்கு அடிக்கடி தலைவலி. அதுவும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருமாம். சில நாள் வாந்தியும் உண்டு.

நாக்கைப் பார்த்தேன், நாடி பார்த்தேன். முதலில் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னேன். காட்டினார்கள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. ‘ராத்திரி சாப்பிட்டதும் என்ன செய்வே?’ என்று பையனைக் கேட்டேன். அவன் வாயைத் திறக்கும் முன்பே அப்பா முந்திக்கொண்டார்.

‘தினமும் ஒரு மணி நேரம் டி.வி.யில் க்விஸ் போட்டுக் காட்டறேன் டாக்டர். ஒவ்வொரு கேள்விக்கும் அவங்க சொல்றதுக்கு முன்னாடி இவன் சொல்லணும். நோட்டுப் போட்டு மார்க் எழுதறேன். அந்த மேடையில இருக்கற பசங்களும் இவன் வயசுதானே? இவனுக்கு மட்டும் ஏன் ஞாபகம் நிக்கலை? வல்லாரை லேகியம் ஏதாவது கொடுங்க.’

நான் பையனிடம் திரும்பி, ‘உனக்கு அந்த நிகழ்ச்சி பிடிக்குமா தம்பி?’ என்றேன்.

‘பிடிக்கும் டாக்டர். அப்பா ஊருக்குப் போயிருக்கறப்போ பார்த்தா ரொம்பப் பிடிக்கும்.’

நோய் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கும் தெரிந்திருக்கும்!

வினாடி வினாவுக்கு நான் எதிரி இல்லை. சொல்லப்போனால் பழைய ரசிகன். 1985-ல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு ‘க்விஸ் டைம்’ நடத்தியபோது நான் பள்ளி மாணவன். எங்கள் தெருவுக்கே ஒரு டி.வி. பெட்டிதான். கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருப்போம். கேள்வி இங்கிலீஷில் வரும், பாதி புரியாது. ஆனாலும் ஏதாவது ஒரு பதிலைக் கத்துவோம். பத்தில் ஒன்று சரியாகிவிட்டால் அன்றைக்குத் தெருவில் நாம்தான் ராஜா! தப்பாகச் சொன்னதற்காக யாரும் யாரையும் திட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இந்த விளையாட்டு நம் நாட்டுக்கு வந்த கதையும் சுவையானது. 1967-ல் கொல்கத்தாவில் நீல் ஓ’பிரையன் என்பவர் பொதுமக்களுக்காக முதன்முதலில் வினாடி வினா நடத்தினார். அவருடைய மகன் டெரிக் ஓ’பிரையன் பிற்பாடு ‘போர்ன்விட்டா க்விஸ் கான்டெஸ்ட்’டை டி.வி.யில் நடத்தி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை இருவர் இருவராக மேடையேற்றினார். கல்லூரி அணிகள் மோதுவதற்கு மூலம் இன்னும் முந்தியது. அமெரிக்க ரேடியோவில் 1953-ல் தொடங்கிய ‘காலேஜ் பௌல்’தான் அது. அதைப் பின்பற்றி 1962-ல் பிரிட்டனில் தொடங்கியது ‘யுனிவர்சிட்டி சேலஞ்ச்’. நடுவில் சில வருஷம் நின்றாலும், 1994-லிருந்து பி.பி.சி.யில் வந்துகொண்டிருக்கிறது. அறிவாளிப் பிள்ளைகள் நான்கு பேர் ஓர் அணி.

அதன் விதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் கேள்விக்குப் பத்து மதிப்பெண். பொத்தானை அழுத்தியவர் தனியாகத்தான் பதில் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவரைக் கேட்கக் கூடாது. சரியாகச் சொன்னால் அந்த அணிக்கு மேலும் மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து. இதற்கு நான்கு பேரும் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொள்ளலாம். ஒருவனுக்கு ரசாயனம், ஒருத்திக்கு சங்கீதம், இன்னொருத்தருக்குச் சரித்திரம். எல்லாம் தெரிந்த ஆள் என்று யாரும் அங்கே இல்லை! கேள்வி முடிவதற்குள் அவசரப்பட்டுப் பொத்தானை அழுத்தித் தப்பாகச் சொன்னால் ஐந்து மதிப்பெண் போய்விடும்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? நான்கு பேர் கூடிச் சொல்லும் பதிலை ஒற்றைப் பிள்ளையிடம் எதிர்பார்க்கிறோம். அவனுக்குப் பேசிக்கொள்ள அணி இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் அப்பாவோ நோட்டும் பேனாவுமாக நீதிபதி!

இன்னொன்றும் யோசியுங்கள். அந்த பிரிட்டிஷ் நிகழ்ச்சியில் ஒரு வருஷத்துக்கு மேடை ஏறுவது 28 அணிகள்தான். ஒரு நாட்டின் கல்லூரிகள் முழுவதையும் சலித்து எடுத்த 112 பேர். அதிலும் எல்லோருக்கும் ஒரே தொடக்கக் கோடு கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனி அணி அனுப்பலாம், மற்றப் பல்கலைக்கழகங்களுக்கோ ஒரே அணி. இது நியாயமா என்று கேட்பதற்காக 1975-ல் மான்செஸ்டர் மாணவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எந்தக் கேள்வி வந்தாலும் ‘மார்க்ஸ்’, ‘லெனின்’, ‘ட்ராட்ஸ்கி’, ‘சே குவேரா’ என்று மாற்றி மாற்றிச் சொல்லி நிகழ்ச்சியைத் திணறடித்தார்கள். சலித்து, புடைத்து, பொறுக்கி எடுத்த அரிசியைக் காட்டி, ‘நீ ஏன் இப்படி இல்லை?’ என்று வீட்டுப் பிள்ளையைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

சரி, ஞாபக சக்தி விஷயத்துக்கு வருவோம். கேள்வி கேட்பது நல்லதுதான், அதில் சந்தேகமே இல்லை. 2006-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பாடத்தை மறுபடி மறுபடி படித்த மாணவர்கள் ஐந்து நிமிஷம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், புத்தகத்தை மூடிவைத்து ஞாபகப்படுத்திப் பார்த்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். அதாவது, பதிலைத் தேடி மூளை கொஞ்சம் துழாவ வேண்டும். துழாவத் துழாவத்தான் பதியும். வினாடி வினா பார்ப்பதில் உள்ள பெரிய லாபம் இதுதான்.

ஆனால் பயம் வந்துவிட்டால் துழாவுகிற கை நின்றுவிடும். தெரிந்த பதிலே தொண்டையில் சிக்கிக்கொள்ளும். பரீட்சை ஹாலில் உங்களுக்கும் இது நடந்திருக்கும்.

அடுத்தது தூக்கம். பகலில் கேட்டது மனசில் ஊன்றுவது தூக்கத்தில்தான். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவ நிபுணர்கள். இரவு விழிப்பு பித்தத்தைக் கூட்டும், தலைவலியும் கண் எரிச்சலும் சிடுசிடுப்பும் பின்னாலேயே வரும் என்று எங்கள் சித்த மருத்துவம் சொல்கிறது. பதினோரு மணிவரை கேள்வி கேட்டுவிட்டு, காலை ஆறு மணிக்கு டியூஷனுக்கு எழுப்பினால் எந்த லேகியம் என்ன செய்யும்?

வல்லாரையை நான் குறை சொல்லவில்லை. வல்லாரையும் நீர்ப்பிரமியும் எங்கள் நூல்களில் பெருமையாகச் சொல்லப்பட்ட மூலிகைகள். வாரம் ஒரு நாள் வல்லாரைத் துவையல் அரைத்துச் சோற்றில் பிசைந்து கொடுங்கள், நல்ல கீரை. ஆனால் பரீட்சைக்குப் பத்து நாள் முன்பு கடையில் டப்பா டப்பாவாகப் பொடியும் மாத்திரையும் வாங்கி, வைத்தியரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அவமானத்தை மறக்கடிக்கிற மூலிகை எதுவும் என் அலமாரியில் இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? நானும் அந்த அப்பாவாக இருந்தவன். என் மகள் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது வீட்டில் விருந்தாளிகள். டி.வி.யில் பள்ளிக்கூட வினாடி வினா ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நதியின் பெயரைக் கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை. ‘டாக்டர் வீட்டுப் பொண்ணு, இதுகூடத் தெரியலையே!’ என்று சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த நிகழ்ச்சி வரும் நேரம் அவள் கூடத்துக்கே வரமாட்டாள். படிப்பு இருக்கிறது என்று நானும் நம்பினேன். போன தீபாவளிக்கு வந்தவள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: ‘அந்த க்விஸ் மியூசிக்கைக் கேட்டா இன்னிக்கும் எனக்கு வயிறு கலங்கும்ப்பா.’ நான் படித்த ஐந்தரை வருஷப் படிப்பில் இதற்கு மருந்து இல்லை.

ஆகவே, உங்களுக்கு என் யோசனை இதுதான். வினாடி வினா பாருங்கள். குடும்பமாகப் பாருங்கள். நோட்டையும் பேனாவையும் தூக்கிப் போட்டுவிட்டு நீங்களும் விளையாடுங்கள். அப்பாவும் பிள்ளையும் ஒரே அணியாக இருக்கட்டும். நீங்கள் தப்பாகச் சொல்லும்போது பிள்ளை சிரித்தால் சேர்ந்து சிரியுங்கள். ‘எனக்குத் தெரியலை, நாளைக்குத் தேடிப் பார்ப்போம்’ என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பெரியவர்கள் அப்படிச் சொல்வதைக் கேட்ட பிள்ளைதான் தெரியாததைப் பயமில்லாமல் கேட்கும். அரை மணி நேரம் போதும். ஒன்பது மணிக்கு டி.வி.யை அணைத்துவிடுங்கள்.

அந்தத் தம்பதிக்கும் இதைத்தான் சொன்னேன். லேகியம் தரவில்லை. அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மூன்று வாரம் கழித்து வந்தார்கள். பையனுக்குத் தலைவலி குறைந்திருந்தது, முகத்தில் தெளிவு.

‘இப்போ கேள்வியை அவன் தயார் பண்ணிக்கிட்டு வந்து என்னைக் கேக்கறான் டாக்டர். பத்துல மூணுதான் சொல்றேன்’ என்றார் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ‘எனக்கு அந்த வல்லாரை ஏதாவது கிடைக்குமா?’ என்றார்.