ஆடக் கூப்பிடுகிறார்கள், பேசக் கூப்பிடுவதில்லை

கேமரன் மலைக்குப் போகும் சுற்றுலாப் பேருந்துகள் சிம்பாங் பூலாய் டோலில் இறங்கி, சுண்ணாம்புக்கல் குவாரிகளின் வெள்ளைத் தூசியைத் தாண்டி, 185ஆம் எண் சாலையில் மலையேறி விடுகின்றன. கெல்லி கோட்டைக்குப் போகும் கார்கள் கோப்பேங் பக்கம் திரும்பிவிடுகின்றன. சிம்பாங் பூலாய் என்ற ஊர்ப்பெயர் பயணிகளுக்கு ஒரு சாலைப் பலகை, அவ்வளவுதான்.

பேராக் மாநிலம் 2012, 2017, 2024 என்று மூன்று முறை வருகை ஆண்டு கொண்டாடிவிட்டது. இப்போது நாடு முழுவதற்கும் மலேசிய வருகை ஆண்டு 2026. இந்த ஆண்டுகளில் நம்மவர்களுக்கு வாடிக்கையாகக் கிடைக்கும் பங்கு என்ன? திறப்பு விழாவில் ஐந்து நிமிட நடனம். மலாய் நடனம் முடியும், சிங்க நடனம் முடியும், பிறகு நம் பிள்ளைகள் சலங்கை கட்டி வருவார்கள். பிரமுகர் கைதட்டுவார், படம் எடுப்பார்கள், சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நிகழ்ச்சி நிரலை எழுதிய அறையில் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் ஒருவராவது இருந்தாரா?

கெல்லி கோட்டையையே எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித், கிந்தா கெல்லாஸ் ரப்பர் தோட்டத்தில் எழுப்பத் தொடங்கிய மாளிகை அது. மதராஸிலிருந்து 70 தொழிலாளர்களைக் கொண்டுவந்தார். விஷக்காய்ச்சல் பரவித் தொழிலாளர்கள் மடிந்தபோது, மாரியம்மனுக்கு ஒரு கோயில் கட்டித் தரும்படி அவர்கள் கேட்டார்கள், துரையும் கட்டிக் கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோனார், மாளிகை அரைகுறையாக நின்றது. கோயிலின் கூரையில் தெய்வங்களோடு ஒருவராக அந்தத் துரை இன்னமும் நிற்கிறார். தொழிலாளர்கள் வைத்த சிலை அது.

இன்று கோட்டைக்கு டிக்கெட் உண்டு, பேய்க்கதை உண்டு. அந்த 70 பேர் கதையில் வெறும் எண்ணிக்கை. பக்கத்திலேயே இருக்கும் கோயிலை எட்டிப் பார்க்காமலே பலர் திரும்பிவிடுகிறார்கள். பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, காண்டா வாளி என்ற தோட்டத்துச் சொற்களுக்கு அகராதி பார்க்காமல் பொருள் சொல்லக்கூடிய முதியவர்கள் இந்த வட்டாரத் தாமான்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அந்தக் கோட்டை வாசலில் உட்கார வைத்து, தக்க சம்பளமும் கொடுத்து, கதை சொல்லச் சொன்னால் எந்தப் பேய் கோபித்துக்கொள்ளும்?

ஈப்போவின் பழைய நகரில் 2014இல் ஒரு காப்பி நிறுவனத்துக்காக எர்னஸ்ட் ஸக்கரேவிச் என்ற லித்துவேனிய ஓவியர் சுவரோவியங்கள் வரைந்தார். கூட்டம் அங்கே குவிந்தது. நல்லதுதான். ஆனால் அந்தக் கூட்டமும் அதன் பணமும் சில தெருக்களைத் தாண்டவில்லை. கச்சாங் பூத்தே வறுத்தே பெயர் வாங்கிய புந்தோங்கிற்கு எத்தனை பேர் போகிறார்கள்? ஜார்ஜ் டவுன் கதை இன்னும் கசப்பானது. அங்கே வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டோடு போயிற்று, பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேறினார்கள், 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டம் வந்தது. வீடுகளைக் காத்தோம், வீட்டிலிருந்தவர்களை விட்டுவிட்டோம்.

வேறு விதமாகவும் செய்யலாம். இங்கிலாந்தின் ஹல், மீன்பிடித் தொழில் நொடித்துப்போன துறைமுக நகரம். ரப்பர் போன பிறகு நம் தோட்டங்கள் இருந்த நிலைதான். 2017இல் அது பிரிட்டனின் பண்பாட்டு நகரமானபோது, நிகழ்ச்சிகள் குடியிருப்புப் பகுதிகளின் பள்ளி மண்டபங்களுக்கே போயின. 2,000க்கும் மேற்பட்ட ஊர்க்காரர்கள் பயிற்சி பெற்றுத் தொண்டர்களாக நின்றார்கள். அதே பட்டம் 2021இல் கிடைத்த கொவென்ட்ரியில், ஆண்டை நடத்திய அறக்கட்டளையே 2023 பிப்ரவரியில் நொடித்துப்போனது; நகர மன்றம் அதற்குக் கொடுத்திருந்த பத்து லட்சம் பவுன் கடனும் சிக்கலில் மாட்டியது. ஆக, மக்களைச் சேர்த்துக்கொண்டால் மட்டும் போதாது, கணக்கும் அவர்கள் பார்வையில் இருக்க வேண்டும்.

“கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருவதில்லை” என்று அதிகாரிகள் குறைபடுவதுண்டு. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மூன்று நாள் முன்னதாக ஒரு கடிதம் அனுப்பிக் கூப்பிட்டால், தினக்கூலிக்குப் போகிறவர் எப்படி வருவார்? நம் பக்கமும் சுத்தமில்லை. அழைப்பு வந்தால் சங்கத் தலைவர்கள் பொன்னாடைக்கு முந்துகிறார்கள், செய்தி ஊருக்குள் வந்து சேர்வதில்லை. உறுமி மேளம் அடிக்கும் இளைஞர்களைப் பார்த்து முகம் சுளிப்பதும் நாம்தான். இந்த மண்ணில் தோட்டத்துப் பிள்ளைகள் தாங்களே வளர்த்தெடுத்த கலை அது. அந்த மேளக் குழுக்களை ஏற்பாட்டுக் குழுவில் உட்கார வைக்காமல் எந்தப் பண்பாட்டு ஆண்டு?

ஈப்போ மாநகர் தகுதி பெற்றது 1988 மே 27 அன்று. 2028இல் நாற்பது ஆண்டு நிறைகிறது. அந்த ஆண்டை ஈப்போவின் பண்பாட்டு ஆண்டாக அறிவித்து, ஆயத்தத்தை இப்போதே தொடங்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை எதற்குச் செலவிடுவது என்பதை சிம்பாங் பூலாய், புந்தோங், குனோங் ராப்பாட் போன்ற இடங்களின் குடியிருப்பாளர்களே முடிவு செய்யட்டும். மலைச்சாலை ஓரத்து செமாய் பழங்குடி மக்களும் சீனப் புதுக்கிராமத்தாரும் அதில் இருக்கட்டும். ஆடுகிறவருக்கும் அடிக்கிறவருக்கும் பொட்டலத்தோடு சம்பளமும் வரட்டும். வரவு செலவை மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் ஒட்டட்டும்.

மாநகர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் நகர மண்டபம் அழகானதுதான். முதல் கூட்டத்தை மட்டும் சிம்பாங் பூலாயில் ஒரு கோயில் மண்டபத்திலோ பள்ளித் திடலிலோ, வேலை முடிந்து வருகிறவர்களுக்குத் தோதாக, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வையுங்கள்.